பவளத் தொட்டியில் பாசி: வரவைக் குறைப்பதே வழி

புணே நகரின் கோந்த்வா பகுதி கடலோரத்தில் இல்லை. அங்கு வீட்டில் பவளத் தொட்டி அமைப்போர், நன்னீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே கடல்நீரைத் தயாரிக்கின்றனர். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது கணக்கு. உப்பில் காட்டும் கவனத்தை நன்னீரிலும் காட்டினால் பாசித் தொல்லையில் பெரும்பகுதி நீங்கும் என்பதே நாம் இங்கு வலியுறுத்துவது.

கோந்த்வாவின் அடுக்ககங்கள் பலவற்றில் குழாய்நீரோடு லாரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பயன்படுகின்றன. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளில் ஊறும் நிலத்தடி நீரில் சிலிகேட் கரைந்திருக்கும். கழிவு கசியும் இடங்களில் நைட்ரேட்டும் சேரும். புதுத் தொட்டியின் மணலில் படியும் பழுப்புப் படலம், சிலிகேட்டைக் கொண்டு வளரும் டயட்டம் பாசி. பச்சை மயிர்ப்பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உரமாகின்றன. செந்நிறக் கூழ்ப்படலமோ உண்மையில் பாசி அன்று, அது சயனோபாக்டீரியா.

ஆகவே முதலில் வரவைக் குறைப்போம். ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரை அயனி நீக்கும் பிசின் வழியாகவும் செலுத்தி, டி.டி.எஸ். மானி பூஜ்யம் காட்டிய பின்னரே உப்பைக் கரைக்க வேண்டும். மீன்கள் உடனே உண்டு முடிக்கும் அளவுக்கு மட்டும் இரை இடுவது நன்று. அடுத்துச் செலவைக் கூட்டுவோம். புரதக் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றம், பாசி மேயும் நத்தைகள், கையால் பறித்து அகற்றுதல் ஆகியவை துணைபுரியும். பாசிக்கொல்லி மருந்து கடைசி வழியே. மடிந்த பாசி அழுகினால் சத்து மீண்டும் நீரில் சேரும், ஆக்சிஜனும் குறையும்.

எனினும் சத்தை முற்றிலும் துடைத்துவிடலாகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே அற்ற தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர் பெருகிப் பவளத்தை வாட்டக்கூடும்.

பாசி மூடினால் பவளத்துக்கு ஒளி கிட்டாது. அதன் திசுக்களில் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசியும் நலியும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் கடற்பாசி உயிர்ப்பவளங்களின் மேல் படர்ந்திருந்தது 2008-இல் கண்டறியப்பட்டது. நம் கடல்களின் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டிக்கு உயிர்களை வாங்குமுன் அவற்றின் மூலத்தைக் கேட்டறிவது நம் கடமை.