வீட்டு இணையமும் வெளி அன்ரெனாவும்: ஒரு வரவு செலவுக் கணக்கு

சென்ற மார்கழியில், கிறின்ட்ஸ்ரெட் நகருக்கு வெளியே பழைய பண்ணை வீடொன்றில் வசிக்கும் நண்பரின் தாயார் ஊரில் காலமானார். பயணச்சீட்டு எடுத்துப் போய்ச்சேர நேரமில்லை. ஊரில் காலை பத்து மணிக்குக் கிரியைகள். இங்கே அப்போது விடியப்புறம் ஐந்தரை. குடும்பமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். சுண்ணம் இடிக்கும்போது நின்ற படம், வாய்க்கரிசி போட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. இடையில் குரல் மட்டும் ஒருமுறை வந்ததாம். "அண்ணா, நீங்கள் நிக்கிறியளோ? உங்கட முகம் இங்க தெரியேல்லை" என்று தங்கை அழுதிருக்கிறா.

எட்டுச் செலவுக்கு அடுத்த கிழமை நண்பர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் தொழிலால் கணக்காளன். என் வீட்டிலும் இதே தொல்லை இருந்ததால் கொஞ்சம் படித்து, சுவரில் ஓட்டை போட்டு, காசும் விட்டு அறிந்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

எண்பதுகளில் டென்மார்க் அகதிகள் சபை எங்களை யூலாந்தின் சிறு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பியது. பிறகு வீடு வாங்கியபோது, விலை குறைவென்று நகரத்துக்கு வெளியே போனவர்கள் பலர். இன்று அந்த வீடுகளில் சிலவற்றுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியை 2030க்குள் மூடிவிடுவதாக ரிடிசி நெற் அறிவித்திருக்கிறது. மிஞ்சுவது, சிம் அட்டை போட்ட ஒரு ரவுற்றர்.

நண்பரின் கதையிலேயே இரண்டு தடயங்கள் இருந்தன. முதலாவது, நேரம். மாலை எட்டு மணிக்கு இணையம் மந்தமாகி, நடுச்சாமத்தில் நன்றாக ஓடினால், அது கோபுரத்தில் சனம் கூடிய நெரிசல். அதற்கு எந்த அன்ரெனாவும் பெரிதாக உதவாது. விடியப்புறம் ஐந்தரைக்கு டென்மார்க்கில் யார் விழித்திருக்கிறார்கள்? அந்த நேரத்திலும் படம் நிற்கிறதென்றால் சிக்னலே வந்துசேரவில்லை.

இரண்டாவது, "முகம் தெரியேல்லை" என்ற சொல். கோபுரம் பத்துக்கணக்கான வாற் சக்தியில் அனுப்புகிறது. எங்கள் ரவுற்றர் திருப்பி அனுப்புவதோ சுமார் 0.2 வாற். எனவே ஊர்ப் படம் எங்களுக்கு அரைகுறையாகவாவது வரும். எங்கள் படம் கோபுரத்தை எட்டாமலே செத்துப்போகும். அன்ரெனாவின் நன்மை இங்கேதான். கேட்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ, அனுப்புவதற்கும் அதேயளவு உதவும்.

எங்கள் வயதுக்காரருக்கு இது புதிதல்ல. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் தூரதர்சன் பிடிக்க உயரமான குழாயில் அன்ரெனா கட்டினோம். ஒருவர் மேலே நின்று திருப்ப, வீட்டுக்குள் இருந்தவர்கள் "வருது, வருது... ஐயோ, போட்டுது" என்று கத்தினார்கள். அதே பௌதிகம்தான். கத்துவதற்குப் பதிலாக இப்போது இலக்கம் பார்க்கலாம்.

ரவுற்றரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைக் கணினியில் அடித்தால் அதன் உள்பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். அது எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 90க்கு மேல் நல்லது, 100 பரவாயில்லை, 110ஐத் தாண்டினால் கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு மேலாகச் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 13க்கு மேல் நன்று. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் பலம் இருந்தும் பயனில்லை. முன்பக்கத்தில் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அவை கடைக்காரன் புன்னகை மாதிரி. நண்பர் வீட்டில் மைனஸ் 114, தெளிவு 1.

டெசிபல் என்ற சொல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 3 கூடினால் இருமடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. பெருக்கலைக் கூட்டலாக்கும் வசதிதான் அது. ஆகவே ஒரு பேரேடு எழுதலாம்: அன்ரெனா தருவது வரவு, சுவர், யன்னல், வயர் தின்பது செலவு. நாங்கள் வழக்கமாக வரவைக் கூட்டவே ஓடுகிறோம். டெனிஷ் வீட்டில் பெரிய பணம் செலவுப் பக்கத்தில் கிடக்கிறது. புதிய சக்திசேமிப்பு யன்னல் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. வெப்பத்தை உள்ளே தடுத்து வைக்கும் அதே பூச்சு சிக்னலை வெளியே தடுத்து வைக்கும். 20 டெசிபல் வரை, சிலவேளை அதற்கு மேலும் போய்விடும். அதாவது நூறில் ஒன்றுதான் உள்ளே வருகிறது. சுவரின் காப்புக்குள் அலுமினியத் தாள் இருந்தால் அதுவும் சேரும். நண்பர் இரண்டு வருடத்துக்கு முன் யன்னல்களை மாற்றியிருந்தார். "அதுக்குப் பிறகுதான் மோசம்" என்று மனைவி உடனே சொன்னா. அவருக்கு அதுவரை அது பொருந்திப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகையால் ஒரு குரோனரும் செலவழிக்க முன்னர், மழையில்லாத நாளில் நீள வயர் இழுத்து ரவுற்றரை வெளியே கொண்டுபோய் இலக்கத்தைப் பாருங்கள். நாங்கள் ஏணியில் ஏறி, கூரை முகட்டுச் சுவரருகே பிடித்தோம்: மைனஸ் 99, தெளிவு 8. வெறுமனே வெளியே போனதற்கே 15 டெசிபல் இலாபம். வெளியேயும் இலக்கம் மாறாவிட்டால் அன்ரெனா வாங்க அவசரப்படாதீர்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் கிட்ட இருக்கக்கூடும். அரசின் 'செக் டிட் நெற்' தளத்தில் உங்கள் முகவரிக்கு எந்த நிறுவனத்தின் சேவை எப்படி என்று பார்க்கலாம். 'மாஸ்டடேட்டாபேசன்' தளத்தின் வரைபடத்தில் கோபுரங்கள் நிற்கும் இடமே தெரியும். அன்ரெனாவை எந்தத் திசைக்குத் திருப்புவதென்று அதிலிருந்தே தொடங்கலாம். நேர் திசையில் ஊசியிலைத் தோட்டம் நின்றால் சற்றுத் தள்ளி நிற்கும் இரண்டாவது கோபுரம் கூடப் பயன்தரும். இலையுதிர் மரமென்றால் மாரியில் நன்றாக வேலைசெய்து வைகாசியில் ஏமாற்றும்.

வாங்கும்போது, ஒரு பெட்டிக்குள் இரண்டு அன்ரெனா குறுக்காக அமைந்து, இரண்டு வயர் வெளிவருவதாகப் பாருங்கள். இன்றைய 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் தரவை அனுப்புவதால் ஒரு வயர் போதாது. திசை பார்த்துப் பிடிக்கும் வகையே ஒதுக்குப்புற வீட்டுக்குப் பொருத்தம். உள்ளங்கை அளவு அன்ரெனாவுக்கு 35 டெசிபல் என்று விளம்பரம் போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். உங்கள் ரவுற்றரில் வெளி அன்ரெனாவுக்குத் துளை இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள், பலவற்றில் இல்லை.

நான் காசு விட்ட இடம் வயர். அன்ரெனாவுக்கு நல்ல விலை கொடுத்துவிட்டு, பத்து மீற்றர் மெல்லிய மலிவு வயர் வாங்கினேன். அந்த வகை, பத்து மீற்றருக்கு 800 மெகாஹேர்ட்ஸில் 5 டெசிபல் அளவும், 2600இல் 10 அளவும் தின்னும். அன்ரெனா கொண்டுவந்த வரவை வயர் வழியிலேயே சாப்பிட்டது. தடித்த வயர் அதே நீளத்துக்கு 1 அல்லது 2 மட்டுமே எடுக்கும். நண்பருக்கு ரவுற்றரை மேல்மாடிக்கு மாற்றி, தடித்த வயர் ஐந்து மீற்றரில் முடித்தோம். இப்போது புதிதாகச் செய்பவர் வெளியே பூட்டும் ரவுற்றரையே யோசிக்கலாம். அன்ரெனாவும் ரவுற்றரும் ஒரே பெட்டி. உள்ளே வருவது சாதாரண வலையமைப்பு வயர், நூறு மீற்றர் வரை இழுக்கலாம், மின்சாரமும் அதிலேயே போகும்.

ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் அன்ரெனாவோடு 'பூஸ்ரர்' பூட்டிய பழக்கத்தில், சிலர் கைத்தொலைபேசி பூஸ்ரரை வெளிநாட்டுத் தளங்களில் வாங்குகிறார்கள். டென்மார்க்கில் தொலைபேசி நிறுவனத்தின் சம்மதமின்றி அதைப் பாவிப்பது சட்டவிரோதம். அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பி, அயலவரின் தொடர்பையும் குழப்பும். மின்சாரம் இல்லாத வெறும் அன்ரெனாவை ரவுற்றரில் பூட்டுவதில் அந்தப் பிரச்சினை இல்லை. வாடகை வீட்டுக்காரர் சுவரில் துளையிட முன் வீட்டுச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரைக்கு மேலே உலோகக் கம்பம் நடுவதென்றால் நிலத்தொடுப்புக்கு மின்வினைஞரை அழையுங்கள்.

நண்பர் வீட்டுக் கணக்கு இப்படி முடிந்தது: வெளியே போனதில் 15, அன்ரெனாவில் 8, வயருக்கும் பூட்டுகளுக்கும் கழிவு 2. மைனஸ் 114 இருந்தது 93க்கு வந்தது. தரவேற்றம் அரை மெகாபிற்றில் கிடந்தது எட்டைத் தொட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் கீரிமலையை முழுவதும் பார்த்தார். தங்கை அவரைப் பார்த்து, "மெலிஞ்சு போனியள் அண்ணா" என்றா.

ஃபைபர் வரும் வாய்ப்பிருந்தால் அதையே எடுங்கள். இணைப்பு மோசமான முகவரிக்காரர் அயலவரோடு சேர்ந்து விண்ணப்பிக்க, 2016இல் 'பிறெட்போன்ட்ஸ்புல்யன்' என்ற அரச நிதி தொடங்கப்பட்டது; இப்போதும் விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று விசாரியுங்கள். அதற்காகவாவது பக்கத்துப் பண்ணைக்காரரோடு கதையுங்கள். அதுவரை கம்பியில்லா இணைப்பென்றால், ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மேல் உங்களைக் கட்டிவைக்க முடியாது. இணையத்தில் வாங்கிய அன்ரெனாவைத் திருப்பி அனுப்ப 14 நாள் உண்டு. அந்த 14 நாளுக்குள் ஏணியில் ஏறிவிடுங்கள், பெட்டியையும் எறியாதீர்கள்.