அரிகஞ்சட்டியில் சிக்காத கல்

எங்கள் ஆச்சி வீட்டில் ஓர் அரிகஞ்சட்டி இருந்தது. உட்புறம் வரிவரியாகப் பள்ளம் ஓடும் மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு, சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார். அரிசி அலசிக்கொண்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கனமான கல் வரிகளில் தங்கிவிடும். சிறுவயதில் ஒருநாள் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, "கல்லே இல்ல ஆச்சி" என்றேன். "ஒரு கை பார்த்துட்டுச் சொல்லாதய்யா. மூணு தண்ணி அரிச்சுட்டுச் சொல்லு" என்றார்.

நான் சொன்னதும் "கல்லைக் காணோம்" என்பதுதான், மூன்று முறை அரித்தபின் ஆச்சி சொல்வதும் அதேதான். ஆனால் என் சொல்லை நம்பி யாரும் உலை வைக்க மாட்டார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் சாஸ்க்வாட்ச் பற்றிய வழக்கை இந்தச் சட்டியை வைத்துக்கொண்டு பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

உடம்பெல்லாம் மயிர், ஆளைவிடப் பெரிய உருவம், இரண்டு காலில் நடை. 1958இல் வடக்குக் கலிஃபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் காட்டுச் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரிய காலடித் தடங்களைக் கண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதும் 'பிக்ஃபுட்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அந்தச் சாலை வேலையை எடுத்து நடத்திய ரே வாலஸ் 2002இல் இறந்தபின், தடங்களைப் பதித்தது இவைதான் என்று மரத்தில் செதுக்கிய பாதங்களை அவர் குடும்பத்தார் காட்டினார்கள். சாஸ்க்வாட்ச் என்ற பெயரோ பிக்ஃபுட் என்ற பெயருக்கும் முந்தியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடி மொழியான ஹல்கொமெலெத்திலிருந்து வந்தது. அம்மக்களில் பலருக்கு அது காட்டைக் காக்கும் ஒரு சக்தி. ஆவி உலகுக்கும் இந்த உலகுக்கும் இடையே போய்வருவது. அந்த நம்பிக்கையை நான் இங்கே எடைபோடவில்லை. அரிகஞ்சட்டி கல்லுக்கானது, தண்ணீரில் கரைந்த உப்பைப் பிடிக்க அதை யாரும் எடுப்பதில்லை. நான் பேசுவது எலும்பும் பல்லும் உள்ள ஒரு குரங்கினம் அங்கே இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும்தான்.

"இருந்தால் ஒரு பிணம்கூடவா கிடைக்காது?" என்று ஒரு தரப்பு கேட்கும். "தானாகச் செத்த கரடியைக் காட்டில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?" என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும். இந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு முழு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

கடப்பாக்கல் பதித்த அடுப்புமேடை இருக்கும் வீடுகளில் தெரிந்திருக்கும். எலுமிச்சைச்சாறோ புளித்தண்ணீரோ சிந்தி, துடைக்க மறந்தால், மறுநாள் அந்த இடம் மட்டும் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல். அமிலம் அதைத் தின்கிறது. எலும்பைக் கெட்டியாக வைத்திருப்பதும் கால்சியம் உப்புதான். ஊசியிலைக் காடுகளில் இலைச்சருகு மட்கி மண் புளித்துக் கிடக்கிறது, மழையும் ஓயாது. அங்கே விழுந்த எலும்பு புளிக்குழம்பில் கிடந்த மத்தி முள்போல மெல்ல இளகும். அதற்கு முன்பே கரடியும் கொயோட்டியும் சதையைப் பிய்த்துவிடும், மீந்த எலும்பை முள்ளம்பன்றி கால்சியத்துக்காகக் கொறித்துவிடும்.

ஈரக்காடு எவ்வளவு கைகாரி என்பதற்குச் சிம்பன்சியே சாட்சி. ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கில் வாழும் அந்த இனத்தின் முதல் புதைபடிவம் என்று அறிவிக்கப்பட்டது 2005இல்தான். கென்யாவில் கிடைத்த சில பற்கள், ஏறத்தாழ 5 இலட்சத்து 45 ஆயிரம் ஆண்டு பழையவை. ஆகவே காட்டுத் தரையில் எலும்பில்லை என்பது மட்டும் நான் அள்ளிய அந்த ஒரு பிடி அரிசிதான். அதை வைத்துச் சாஸ்க்வாட்ச் இல்லை என்று யாராவது அடித்துப் பேசினால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

ஆனால் காட்டுத் தரை ஒன்றுதான் சட்டியா? செத்த கரடியைக் காட்டில் பார்க்காதவர்கள் சாலையில் பார்த்திருக்கிறார்கள். தார்ச்சாலை எலும்பைக் கரைப்பதில்லை. தெற்கு ஃபுளோரிடாவின் சதுப்புக்காட்டில் வாழும் பூமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் கண்ணில் படவே படாத விலங்கு. வளர்ந்தவை 120 முதல் 230 வரைதான் இருக்கும் என்பது கணக்கு. அப்படியும் பல ஆண்டுகளில் 20க்கு மேற்பட்டவை வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அடுத்து வேட்டை. வாஷிங்டன் மாநிலத்தில் உரிமம் பெற்றுக் கரடி சுட்டவர் அதன் பல்லை வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கரடி பதுங்கும் அதே மரங்களுக்கிடையே ஆண்டுதோறும் துப்பாக்கிகள் நடமாடுகின்றன. அந்தப் பற்களுக்கு நடுவே ஒரு குரங்குப் பல் வந்ததில்லை.

புளித்த மண் என்ற சமாதானம் நிற்காத இடங்களும் உண்டு. சுண்ணாம்புக்கல் குகைகள் அப்படிப்பட்டவை. அடுப்புமேடைக் கடப்பாக்கல் எலுமிச்சைச்சாற்றின் புளிப்பைத் தானே தின்று தீர்ப்பதுபோல, குகைப் பாறை அமிலத்தை அடக்கிவிடும். உள்ளே கிடக்கும் எலும்பு பிழைத்துக்கொள்ளும். அலாஸ்காவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் அப்படி ஒரு குகையில் பழங்காலக் கரடி எலும்புகள் கிடைத்தன. 1996இல் சுமார் 10,000 ஆண்டு பழைய மனித எலும்பும் கிடைத்தது. கரடியும் மனிதனும் விட்டுப்போன இடத்தில் மூன்றாவதாக ஒருவன் எதையும் விட்டுப்போகவில்லை.

தண்ணீரும் ஒரு சட்டி. கழுநீரை முகர்ந்தாலே அதில் கழுவியது அரிசியா மீனா என்று தெரியும் அல்லவா? விலங்குகள் உதிர்க்கும் தோலும் எச்சிலும் கழிவும் நீரில் டிஎன்ஏவாகக் கலந்திருக்கும், ஒரு குடுவைத் தண்ணீரே பேசும். பெரிய ஊர்வன ஒன்று ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் 2018இல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மெல் இப்படித்தான் நீரெடுத்துச் சோதித்தார். விலாங்குமீன் தடயம் ஏராளமாக வந்தது, ஊர்வன எதுவும் வரவில்லை. மயிரும் பேசும். ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உலகெங்குமிருந்து காட்டுமனித மயிர் என்று வந்தவை கரடி, குதிரை, மாடு, ஓநாய் முதலிய தெரிந்த விலங்குகள் என்றே முடிந்தன. ஒன்று மனித மயிர்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுவது பல் கணக்குதான். ஒற்றை விலங்கு தலைமுறை தலைமுறையாக வாழ முடியாது. ஓர் இனம் நிலைக்கக் கூட்டம் வேண்டும். பேச்சுக்கு 1,000 என்றும், சராசரி ஆயுள் 40 ஆண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 சாவு. 1958 முதல் இன்றுவரை 1,600க்கு மேல். வளர்ந்த வாலில்லாக் குரங்குக்கு 32 பல். பாதிப் பிணங்கள் குட்டிகள் என்று தள்ளினாலும் 25,000 பற்களுக்குக் குறையாது. உடம்பிலேயே கடினமானது பல்லின் எனாமல்.

சாஸ்க்வாட்சின் மூதாதை என்று சிலர் காட்டும் ஜைகாண்டோபிதிகஸ் என்ற பெருங்குரங்கை நினைத்துப் பாருங்கள். அதன் முதல் பல்லை 1935இல் புதைபடிவ ஆய்வாளர் ஃபான் கோனிக்ஸ்வால்ட் கண்டெடுத்தது ஹாங்காங்கில் ஒரு நாட்டு மருந்துக்கடையில். அங்கே அதை டிராகன் எலும்பு என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இனம் அழிந்து இரண்டு இலட்சம் ஆண்டுக்கு மேலாகிறது. அப்படியும் தாடை நான்கும் பல் ஏறக்குறைய 2,000மும் நம் கையில் இருக்கின்றன. செத்தொழிந்த குரங்கு 2,000 பல் கொடுத்திருக்க, உயிரோடு உலவுகிறது என்கிற குரங்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் என் மனம் இல்லை என்ற பக்கம் சாய்கிறது.

இப்படிச் சொல்வதால் காட்டில் புதியது எதுவும் மிச்சமில்லை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டோரக் கிராமங்களில், வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த நீளக் கொம்புகளைப் பார்த்துத்தான் சாவோலா என்ற பெரிய விலங்கை அறிவியல் அறிந்தது. அதை உயிரோடு காட்டில் பார்த்த உயிரியலாளர் இன்றுவரை இல்லை. அவ்வளவு அரிய விலங்கும் கொம்பாக முதலில் வந்து சேர்ந்தது. படம் பின்னால்தான் வந்தது.

சாஸ்க்வாட்சுக்கு 1967இல் பிளஃப் கிரீக்கிலேயே எடுத்த ஒரு திரைச்சுருள் இருக்கிறது. அதில் நடப்பது குரங்கா, வேடமிட்ட ஆளா என்று இத்தனை ஆண்டும் வாதாடுகிறார்கள். அந்தப் படத்தை விட்டுவிட்டு யாராவது நாளை ஒரு கடைவாய்ப் பல்லோடு வந்தால், நான் மறுபடி சட்டியைக் கழுவி முதல் தண்ணீரிலிருந்து அரிக்கத் தொடங்குவேன்.