மூன்று நிமிடத்தில் ஓர் ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றில் 80,000 சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். அதை வாய்விட்டுப் படித்தால் ஏறத்தாழ 9 மணி நேரமாகும். அதன் சாரத்தை 3 நிமிடத்தில் சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம். அங்கே கடும் வறட்சி நிலவிய காலம் அது. தண்ணீரைச் சேமிக்க, மக்கள் குளியலறைச் சுவரில் 3 நிமிட மணற்கடிகாரத்தைப் பொருத்தி, அதற்குள் குளித்து முடித்தனர். 'பேச்சுக்கும் இதே அளவு வைத்தால் என்ன?' என்று எண்ணினார் பேராசிரியர் ஆலன் லாசன். 2008இல் நடந்த முதல் போட்டியில் 160 ஆய்வு மாணவர்கள் கலந்துகொண்டனர். இன்று பல நாடுகளிலும் இப்போட்டி நடைபெறுகிறது.

விதிகள் கண்டிப்பானவை. அசையாத படம் ஒன்று மட்டும் காட்டலாம், கருவிகள் கூடாது, நேரம் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். இயற்பியல் மாணவர் சொல்வது வரலாறு படித்தவருக்கும் விளங்க வேண்டும். கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை! எதைத் தேடினேன், எப்படித் தேடினேன், அதனால் என்ன பயன் என்று எளிய சொற்களில் கூற வேண்டும். திணறினால், புரிதலில் எங்கோ இடைவெளி உள்ளது என்று பொருள்.

அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் செய்யும் மாதிரியை, அறிவியல் படிக்காத ஒருவருக்கு 3 நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கிருந்து மீண்டும் படிக்கத் தொடங்குங்கள்!