புணர்ச்சி விதியும் உயிரணுப் புரதமும்

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் திந்திரிணிவனம் என்பதன் மரூஉ என்பர். திந்திரிணி என்பது புளியைக் குறிக்கும் வடசொல். அவ்வூர்ச் சிவபெருமானுக்குத் திந்திரிணீசுவரர் என்னும் பெயர் இன்றும் வழங்குதல் இக்கூற்றிற்கு அரண் செய்யும். இனி, விழுப்புரம் என்பதனை விழுப்பரையர் என்னும் பட்டப்பெயரோடு இயைத்து, விழுப்பரையபுரம் என்பதே அவ்வாறு மருவிற்று என உரைப்பாரும் உளர். இவற்றைக் கொள்ளின், ஈரிடத்தும் நிகழ்ந்தது ஒன்றே: முதலும் ஈறும் நிற்ப, நடுநின்ற எழுத்துக்கள் நீங்க, எஞ்சியவை தம்முட் புணர்ந்தன. இத்தகைய நிகழ்ச்சி மக்கள் நாவில் மட்டுமன்றி, மக்கள் உடம்பின் உயிரணுக்களுள்ளும் இடையறாது நிகழ்கின்றது. அதனை விளக்கி, அதற்குரிய தமிழ்ச்சொல் யாதெனத் துணிதலே ஈண்டு நம் நோக்கமாகும்.

1. நிகழ்ச்சி

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு உளது. நான்கே எழுத்துக்களால் ஆயது அது. ஒரு புரதம் வேண்டப்படுங்கால், அதற்குரிய பகுதி ஆர்.என்.ஏ. என்னும் படியாகப் பெயர்த்தெழுதப்பெறும். அம் முதற்படியில், புரதத்திற்கு வேண்டும் பகுதிகளும் வேண்டாப் பகுதிகளும் விரவி நிற்கும். வேண்டாதவற்றைக் களைந்து, எஞ்சியவற்றை முறை பிறழாது இணைத்த பின்னரே அப்படி உட்கருவை விட்டு வெளியேறும். களையப்படுவதனைக் களைகூறு என்றும், நிலைபெறுவதனை நிலைகூறு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவ்வுண்மையை 1977ஆம் ஆண்டில் பிலிப் சார்ப், ரிச்சர்டு ராபர்ட்சு என்னும் இருவர்தம் குழுவினரும் தனித்தனியே கண்டனர். இருவரும் 1993இல் நோபெல் பரிசு பெற்றனர். செப்பமுற்ற படியைப் படித்துப் புரதம் ஆக்குவது ரைபோசோம் என்னும் உறுப்பு. அதன் அமைப்பினை ஆராய்ந்து 2009இல் அப்பரிசில் பங்கு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் சிதம்பரத்திற் பிறந்தவர். அவர் பிறந்த 1952இல் சிதம்பரமும் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

2. எல்லை காட்டும் புரதம்

களைகூறுகளுட் பெரும்பாலன ஜி, யு என்னும் ஈரெழுத்தில் தொடங்கி, ஏ, ஜி என்னும் ஈரெழுத்தில் முடியும். ஆயின் இவ்விணைகள் படியில் யாண்டும் காணப்படுதலின், இவற்றால் மட்டும் எல்லை துணிதல் இயலாது. செம்பொன்பதின்றொடி என்னும் தொடரைச் செம்பொன் எனப் பிரிப்பதா, செம்பு ஒன்பது எனப் பிரிப்பதா என எழுத்தளவில் அறிய இயலாமை போல்வது இது. அங்கே இசையும் இடமும் துணைசெய்யும். இங்கே துணைசெய்வன புரதங்கள்.

அவற்றுள் ஒன்று எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 எனப்படுவது. 248 அமினோ அமிலங்களால் ஆயது. அதன் ஒருபாதி ஆர்.என்.ஏ.வின் குறித்த எழுத்துத் தொடரைப் பற்றும். ஈற்றுப்பகுதி இணைக்கும் பொறியின் பிற உறுப்புக்களை அவ்விடத்திற்கு அழைக்கும். 1990ஐ ஒட்டி கிரெய்னர், மான்லி என்போரின் ஆய்வுக்கூடங்கள் இதனைத் தனித்தனியே கண்டு வெவ்வேறு பெயரிட்டன. 2010இல் முறைப்படுத்தப்பெற்ற பெயரே இப்போது வழங்குவது.

3. ஓரெழுத்தின் திரிபு

இப்புரதத்தின் இன்றியமையாமையை ஒரு நோயால் அறியலாம். நரம்பணுக்கள் வாழ வேண்டுவது எஸ்.எம்.என். என்னும் புரதம். அதற்கு மக்களிடத்து இரண்டு மரபணுக்கள் உள. இரண்டாவதன் ஏழாம் நிலைகூற்றில் சி என்னும் எழுத்து டி எனத் திரிந்துள்ளது. இத்திரிபால் பொருள் மாறுவதில்லை. முன்னும் பின்னும் குறிக்கப்படுவது ஒரே அமினோ அமிலமே. ஆயினும் அவ்வெழுத்துத் திரிந்தமையால் எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 அவ்விடத்தைப் பற்றுவதில்லை என்பதனை 2002இல் கிரெய்னர் குழுவினர் காட்டினர். பற்றாதொழியவே, நிலைகூறாக நிற்கவேண்டிய பகுதி களைகூறோடு சேர்த்துப் பெரும்பாலும் களையப்படுகின்றது. சொற்பொருள் நோக்கி அமைவாரை மயக்கும் திரிபு இது. பொருளிற் பேசாத எழுத்து, புணர்ச்சியிற் பேசுகின்றது.

முதல் மரபணுவை இழந்த குழந்தை, குறையுடைய இவ்விரண்டாவதனையே நம்பி வாழவேண்டும். அதுவே தண்டுவடத் தசைநலிவு நோய். கடுமையான வகையில், மருந்து பெறாத குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைக் கடப்பதில்லை. பெற்றோர் இருவரும் நோயின்றியே குறையைத் தாங்குவோராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அக்கை மகளையும் மணக்கும் வழக்கமுடைய நம் நாட்டில் இவ்வொருமை நேர்தல் மிகுதிப்படும். களைகூற்றில் தடைசெய்யும் புரதம் பற்றும் இடத்தை மறைத்து, ஏழாம் நிலைகூற்றை மீட்கும் மருந்து 2016இல் அமெரிக்காவில் ஏற்கப்பெற்றது. எழுத்தைத் திருத்தாது புணர்ச்சியைத் திருத்தும் மருந்து அது.

4. சொல்லாக்கம்

இந்நிகழ்ச்சியைப் புணர்ச்சி என்னின், உயிரியலில் அச்சொல் வேறு பொருளில் வழங்குதலின் மயக்கம் தரும். தொகை என்னின், தொகையில் மறைந்த உருபின் பொருள் உணரப்படும். களைகூறோ புரதத்தில் உணரப்படுவதன்று. இடைக்குறை என்னின், நீங்கியது புலப்படுமேயன்றி இணைந்தது புலப்படாது. ஆகவே களைதலும் இணைத்தலும் ஒருங்கே தோன்றக் களைபுணர்ப்பு என ஆளுதல் தகும் என்பது நம் துணிபு. கழனியிற் களைபறிப்பதனை அறிந்தார்க்கு இச்சொல் விளக்கம் வேண்டாது.

இது சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. அத்தகைய இடங்களிற் பயிலும் மாணவர், தம் குழந்தையின் தலை நிற்கவில்லை என வந்து வினவும் தாய்க்கு விடை கூறவேண்டுவது தமிழில். ஊர்ப்பெயரில் நடுவெழுத்து நீங்கினால் வருவது ஒரு மரூஉ. உயிரணுவில் நிலைகூறு நீங்கினால் வருவது என்ன என்பதனை அத்தாய்க்கு விளங்கச் சொல்லும் சொல்லை ஆக்கித் தருதல் தமிழ் பயில்வார் கடனாகும்.