ஏரி வண்டலில் பால் ஆமை: மண் எடுப்போர் கவனத்திற்கு

கோடையில் சாலவாக்கம், உத்திரமேரூர் வட்டார ஏரிகள் வற்றியதும், வட்டாட்சியர் அனுமதி பெற்று வயலுக்கு வண்டல் எடுப்பது வழக்கம். அப்போது சில சமயம் வட்டக்கல் போல ஒன்று தட்டுப்படும். அது பால் ஆமை. நீர் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து, மாதக்கணக்கில் இரையின்றிக் கிடக்கும். செத்துவிட்டது என்று எண்ணிக் கரையில் வீசக்கூடாது. வெயிலில் கிடந்தால்தான் அது சாகும்.

கடல் ஆமைக்குக் கால்கள் துடுப்பு போல இருக்கும். பால் ஆமைக்குச் சவ்வு சேர்ந்த விரல்களும், காலுக்கு மூன்று நகங்களும் உண்டு. நல்லெண்ணத்தில் இதைக் கொண்டுபோய்க் கடலில் விடக்கூடாது. உப்பு நீரில் பிழைக்காது.

காயமில்லாத ஆமையை அதே ஏரியில், மண் எடுக்காத பக்கத்தில், ஈரச் சேற்றிலோ குட்டையிலோ அன்றே விட வேண்டும். ஓட்டின் பின்பாதியைப் பிடித்துத் தூக்குவது நல்லது. கழுத்தை நீட்டிக் கடிக்கும்.

ஓடு உடைந்திருந்தால் குட்டையில் விடக்கூடாது. விரிசலில் அழுக்கு நீர் இறங்கிச் சீழ் பிடிக்கும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் சுத்தமான ஈரத்துணி விரித்து, நிழலில் வைக்க வேண்டும். மஞ்சள், சாணம், மண்ணெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். இரையும் திணிக்க வேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓடும் எலும்புதான். கூடுவதற்கு மாதங்கள் ஆகலாம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அடிப்பவர்களும் உண்டு. நீர் சுத்தமாகும் என்று கிணற்றில் போடுபவர்களும் உண்டு. சுவர் கட்டிய கிணற்றில் ஏறி வர வழியில்லை, முட்டையிட மண்ணும் இல்லை. ஏரியில் இருந்தாலோ நத்தைகளையும் செத்த மீன்களையும் தின்று தீர்க்கும். மேலும், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது உள்ளது. பிடித்தாலும் கொன்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றி இருக்கிறது. ஏரிப் பராமரிப்பு இவ்வூர்களுக்குப் புதிதல்ல. ஆனால் மண்வெட்டிக்காரர் கண்ணில் பட்ட ஆமை பொக்லைன் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ஆகவே இயந்திரத்துக்கு முன்னே ஒருவர் நின்று பார்த்து, மண்ணை மெல்லிய அடுக்குகளாக எடுக்கச் சொல்ல வேண்டும். ஈரம் அதிகமுள்ள மதகடிப் பள்ளத்தைத் தொடாமல் விடுவது மேல். வயலில் மண்ணைக் கொட்டியதும் ஒருமுறை கையால் கிளறிப் பார்க்கலாம். கட்டியோடு கட்டியாக ஆமையும் வந்திருக்கக்கூடும்.