கெடுநோக்கம்: குற்றவழக்குத் தொடுப்பிலும் கணினிப் பாதுகாப்பிலும் ஒரு சொல்லின் இருவேறு பொருள்கள்

ஆங்கிலச் சட்டமொழியில் 'மாலிஸ்' எனப்படுவதற்கு வன்மம், கெடுநோக்கம், தீய எண்ணம் எனத் தமிழில் பல பெயர்ப்புகள் உள. இவற்றுள் எது பொருந்தும் என்பதை அகராதி மட்டும் தீர்த்துவிடாது. ரொறன்ரோ மாநகரின் மேற்கே, 1879 இல் தனி ஊராக அமைந்து 1889 இல் மாநகரோடு இணைக்கப்பட்ட பார்க்டேலில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு குற்றச்சாட்டைத் தமிழிலோ திபெத்திய மொழியிலோ கேட்டறியும் குடிவரவாளர் பலர் உளர். அவர்களுக்கு அச்சொல்லின் பெயர்ப்பு, குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்னும் முடிவோடு தொடர்புடையது.

முதலில் வழக்குத் தொடுப்போரின் கெடுநோக்கம். 1981 மார்ச் மாதத்தில் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் தாதியான சூசன் நெல்ஸ் நான்கு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 1982 மே மாதத்தில், முதனிலை விசாரணையின் முடிவில், சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டார். அவர் தொடுத்த எதிர்வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 1989 இல் தீர்ப்பளித்தது. அரச வழக்குத்தொடுநருக்கு முழுமையான சட்டக் காப்பு இல்லை என்பது அதன் முடிபு. வழக்கு எதிராளியால் தொடங்கப்பட்டிருத்தல், அது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சார்பாக முடிந்திருத்தல், தக்க காரணம் இல்லாதிருத்தல், கெடுநோக்கம் இருத்தல் என்னும் நான்கையும் வாதி நிறுவவேண்டும். நான்காவதே கடினமானது. அங்கே கெடுநோக்கம் என்பது தனிப்பட்ட வெறுப்பு மட்டும் அன்று. சட்டத்தை நிறைவேற்றுவதற்குப் புறம்பான யாதேனும் ஒரு குறிக்கோள் வழக்கின் முதன்மை உந்துதலாக இருத்தலைக் குறிக்கும். 2009 இல் மியாஸ்கா வழக்கில் அதே நீதிமன்றம் இதனை மேலும் இறுக்கியது. வழக்குத்தொடுநரின் கவனக்குறைவு, அது எத்துணைப் பெரிதாயினும், கெடுநோக்கம் ஆகாது. தம் பதவியை வேண்டுமென்றே திரித்துப் பயன்படுத்தியமை காட்டப்படவேண்டும்.

தமிழ் மாணவர் இவ்வேறுபாட்டை முன்னரே அறிவர். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்து, அக்களவை மறைக்கக் கோவலன்மீது பழி சுமத்துகிறான். கோவலன்பால் அவனுக்கு முன்பகை ஏதும் இல்லை. ஆகவே 'வன்மம்' என்னும் சொல் அவனுக்குப் பொருந்தாது. ஆயினும் நீதிமுறையைப் புறநோக்கம் ஒன்றுக்குக் கருவியாக்கியமையால் கெடுநோக்கம் முழுமையாக உண்டு. பாண்டியனோ ஆராயாது ஆணையிட்டவன். அவன் பிழை பெரிது, விளைவு அதனினும் பெரிது; எனினும் கனடிய நீதிமன்றத்தின் அளவுகோலால் அளந்தால் அவனிடம் கெடுநோக்கம் இல்லை. கண்ணகியின் வழக்கு நெல்ஸ் தீர்ப்பின் நான்காம் கூற்றில் தோற்றிருக்கக்கூடும் என்பது காப்பியத்தைக் குறைகூறுவதற்கன்று, அக்கூற்று எத்துணைக் குறுகிய வாயில் என்பதைக் காட்டுவதற்கே. 'வன்மம்' நெடுநாட் பகையை உள்ளடக்கிய சொல்லாதலின் இவ்விடத்தில் அது தவறான பெயர்ப்பு.

கணினித் துறையில் சொல்லின் போக்கு வேறு. தீநிரல் என்று நாம் வழங்கும் தொடரில் தீமை நிரலுக்கு உரியதாகிறது, ஆளுக்கு அன்று. நிரல் என்ன செய்கிறது என்பதைக் கொண்டே பாதுகாப்பு வல்லுநர் அதனைத் தீயது என்பர். எழுதியவர் உள்ளத்தை அவர்கள் தேடுவதில்லை, தேட வேண்டுவதும் இல்லை. சட்டமோ உள்ளத்தைத் தேடியே ஆகவேண்டும்.

கனடாவில் இதற்கான சட்டம் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அங்குள்ள கணினியை இசைவின்றிப் பயன்படுத்தியமைக்குத் தொலைத்தொடர்புத் திருட்டுப் பிரிவின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார். கணினி தொலைத்தொடர்பு வசதி அன்று என 1980 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின் 1985 இல் குற்றவியற் சட்டக்கோவையில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. இன்று 342.1 ஆம் பிரிவு இசைவற்ற கணினிப் பயன்பாட்டையும், 430(1.1) ஆம் பிரிவு கணினித் தரவுக்குச் சேதம் விளைவித்தலையும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை.

இரு பிரிவுகளிலும் 'மாலிஸ்' என்னும் சொல் இல்லை. முன்னதில் இருப்பன 'மோசடியாகவும்' 'உரிமைச் சாயலின்றியும்' என்னும் தொடர்கள். பின்னதில் இருப்பது 'வேண்டுமென்றே' என்பது. மூன்றும் தமிழில் வழுக்குவன. மோசடி என்றவுடன் தமிழ்ச் செவிக்குப் பணம் பறித்தல் தோன்றும். இப்பிரிவுக்குப் பண இழப்பு தேவையில்லை, நேர்மையற்ற நடத்தையே போதும். 'உரிமைச் சாயல்' என்பது தனக்கு உரிமை உண்டென்று ஒருவர் உண்மையாக நம்புதல். அந்நம்பிக்கை தவறாயினும் காப்பாகலாம். மாமனாரின் வங்கிக் கணக்கை அவர் கேட்டபடி ஈராண்டு திறந்து கட்டணங்களைச் செலுத்திவந்த மருமகன், குடும்பம் பிளவுற்றபின் மீண்டும் ஒருமுறை திறக்கிறான் எனக் கொள்வோம். அவனுக்குக் கெடுநோக்கம் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்பான். இசைவு இன்னும் நீடிப்பதாக மெய்யாகவே நம்பினாயா என்பதே சட்டத்தின் வினா. அதற்கு அவன் விடை வேறாக இருக்கலாம். 'வேண்டுமென்றே' என்பதோ அன்றாடப் பொருளினும் அகன்றது: விளைவு நேரக்கூடும் என்று அறிந்தும் பொருட்படுத்தாது செய்தலை 429 ஆம் பிரிவு அதனுள் அடக்குகிறது. 'மிஸ்சீஃப்' என்னும் குற்றப்பெயரைக் 'குறும்பு' என்று பெயர்ப்பாரும் உளர். 10 ஆண்டுச் சிறைக்குரிய குற்றத்தைச் சிறுபிள்ளை விளையாட்டாக்கும் அச்சொல்லைக் கைவிடுதல் நன்று.

குடிவரவாளர் தாயகத்துச் சட்டச் சொற்களோடும் வருகின்றனர். இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்மையை அறிந்திருத்தலை முன்னிறுத்துகிறது. இந்தியத் தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு 2000 இல் இழப்பு விளைவிக்கும் உட்கருத்தையும் அறிவையும் பேசியது; 2008 திருத்தத்தின்பின் நேர்மையின்மையையும் மோசடியையும் பேசுகிறது.

நிரலின் தீமையும் ஆளின் தீமையும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று. பார்க்டேல் 'சின்னத் திபெத்' என்று அழைக்கப்படும் பகுதி. தலாய் லாமாவின் அலுவலகத்தையும் திபெத்திய அமைப்புகளையும் ஊடுருவிய கோஸ்ட்நெட் என்னும் வலையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துச் சிட்டிசன் லாப் ஆய்வாளர் 2009 மார்ச்சில் வெளிப்படுத்தினர்: 103 நாடுகளில் 1,295 கணினிகள். தீநிரல் ஐயத்துக்கு இடமின்றித் தீயது. இயக்கியவர் இன்னார் என்று அவ்வறிக்கை அறுதியிடவில்லை. மறுபுறம், 2018 ஏப்ரலில் ஹலிஃபக்ஸில் 19 வயது இளைஞர் ஒருவர் 342.1 ஆம் பிரிவின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். நோவா ஸ்கோஷியா அரசின் தகவல் தளத்தில் முகவரியின் இறுதி எண்ணை மாற்றி மாற்றி ஏறத்தாழ 7,000 ஆவணங்களை அவர் பதிவிறக்கியிருந்தார். கடவுச்சொல் எதுவும் உடைக்கப்படவில்லை, பூட்டே இருக்கவில்லை. குற்றஞ்சாட்டுவதற்கு அடிப்படை இல்லை என்று காவற்றுறை மே மாதத்தில் வழக்கைக் கைவிட்டது. அதற்குள் அவர் வீடு சோதனையிடப்பட்டு, குடும்பத்தின் கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. அவர் மியாஸ்கா தீர்ப்பின் வழியே இழப்பீடு கோரியிருப்பின், அதிகாரிகளின் அவசரத்தைக் காட்டுதல் எளிது; கெடுநோக்கத்தைக் காட்டுதல் அரிது.

நெல்ஸ் வழக்கில் முதன்மைத் தீர்ப்புரையை எழுதிய லமேர், பின்னர்த் தலைமை நீதியரசராகி 1994 இல் டிரான் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார். உரிமைப் பட்டயத்தின் 14 ஆம் பிரிவு வழங்கும் மொழிபெயர்ப்பாளர் உரிமை இடையறாததாகவும், துல்லியமானதாகவும், நடுநிலையானதாகவும், தகுதியுடையதாகவும், உடனுக்குடனானதாகவும் இருக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பு. மோசடி, உரிமைச் சாயல், வேண்டுமென்றே என்னும் மூன்றையும் 'கெட்ட எண்ணம்' என்ற ஒரே தொடரால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் அத்துல்லியத்தை அளித்தவர் ஆகார். தமிழ்நாட்டு, இலங்கை ஆட்சிச்சொல் அகராதிகள் தத்தம் நாட்டுச் சட்டங்களுக்காகத் தொகுக்கப்பட்டவை. கனடியக் கோவையின் 342.1, 429, 430 ஆம் பிரிவுகளின் சொற்களுக்கு வரையறையும் எடுத்துக்காட்டும் கூடிய தமிழ்ச் சொற்றொகுதி ஒன்றை ஒன்ராறியோ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருடன் இணைந்து ஆக்குதல் தமிழியலாளர் கையில் உள்ள பணி.