அந்த வீட்டுக்குப் பதிவு உண்டா?

தோட்டத்தில் இருந்தவரை, நடக்க முடியாத பிள்ளையையும் பேச்சு வராத பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. தாய் பால்மரம் வெட்டப் போனால் பாட்டி இருந்தாள். பாட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். லயத்தில் எந்த வீட்டு அழுகையும் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செராஸ், பூச்சோங், கிள்ளான் என்று அடுக்குமாடிகளுக்குக் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையை எங்கே விடுவது? தாமானில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் பராமரிப்பு இல்லத்தில் விடுகிறார்கள்.

இத்தகைய இல்லங்களுக்குச் சட்டம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் இசைவும் வேண்டும். அதிகாரிகள் உள்ளே வந்து பார்வையிடலாம், கணக்கேடுகளைக் கேட்கலாம். (செராஸில் இதிலும் ஒரு குழப்பம். தாமான் கன்னாட் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. ஒன்பதாவது மைல் காஜாங் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது.)

2008-இல் மாற்றுத் திறனாளிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மீறியவருக்கு இன்ன தண்டனை என்று அதில் எழுதப்படவில்லை.

2021-இல் கோலாலம்பூர், வங்சா மாஜூவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 13 வயதுச் சிறுமி. அவளைப் பொறுப்பேற்றிருந்த இல்லத்தின் நிறுவனரே அவளைத் துன்புறுத்தினார், கவனியாது விட்டார் என்று வழக்கு. 2023 மே மாதம் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டு சிறை விதித்தது. வெளியே அது நிர்க்கதியானவர்களுக்கு அடைக்கலம் தரும் இல்லம்!

பதிவில்லாத இல்லம் எல்லாமே கெட்ட இல்லம் என்று நான் சொல்லவில்லை. வரிசை வீட்டை விதிப்படி மாற்றியமைக்கப் பணம் வேண்டும்; சின்ன இல்லங்களால் முடிவதில்லை. மூடிவிடுவதைவிட, பதிவு பெற உதவுவதே இலாகாவுக்கு அழகு. ஆனாலும் பதிவில்லாத வீட்டை இலாகா அறியாது. அறியாத வீட்டுக்கு அதிகாரி எப்படி வருவார்?

நம்மவர்களின் மௌனமும் ஒரு காரணம். "ஏதாவது கேட்டால் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோ என்பார்களே" என்று பயப்படுகிறார்கள். கேட்கத்தான் வேண்டும், தாய்மார்களே! பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் காவலிருக்கிறார்கள், மருந்தைக் கொடுப்பது யார் என்று விசாரியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரலாம்" என்றால் சந்தேகப்படுங்கள். பேசத் தெரியாத பிள்ளையை மாதம் ஒருமுறையாவது நீங்களே குளிப்பாட்டுங்கள். முதுகு, தொடை, பாதம் மூன்றையும் பாருங்கள்.

ஏதேனும் கண்டால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் சொல்லலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் பிள்ளைகளின் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். எழுதித் தருவோம்.